மிளகாய்த்தூள் போத்தலின் கீழே ஒரு கண்டம்

யூஜினி அன்ரி செய்த கேக்கில் எங்கே ரோசாப்பூ இருக்கிறதோ, அங்கே ஒரு வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். கனடாவின் ஸ்காபரோவில் இது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு பூ என்றால் ஓவன் கொஞ்சம் கூடச் சுட்டுவிட்டது. கேக் முழுக்கப் பூ என்றால், கொண்டு வருகிற வழியில் அவருடைய மனுசன் சூசைதாசன் அங்கிள் திடீரென்று பிரேக் அடித்திருக்கிறார்.

பகலில் அன்ரிக்குக் கதவுப்பிடி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறில் கேக். ஞானஸ்நானம், முதல்நன்மை, பிறந்தநாள், சாமத்தியவீடு, எதுவானாலும் மறுப்பில்லை. கிற்றார் கேட்டால் கிற்றார், ரயில் கேட்டால் ரயில். ஒருமுறை ஒரு பெடியனுக்குக் கிரிக்கெட் மட்டை செய்யப்போய் அது மீனாக முடிந்தது. அன்ரி அசரவில்லை. ஒரு கண்ணையும் நாலு செதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெடியன் இப்போது வார இறுதியில் தூண்டிலோடு ஏரிக்கரையில் நிற்கிறான் என்று கேள்வி.

கேக்கில் மட்டுமென்றால் பரவாயில்லை, பேச்சிலும் அன்ரிக்கு இதே பழக்கம்தான். "தெரியாது", "நல்லாயில்லை" என்ற இரண்டு சொல்லும் அந்த வாயில் வராது. வெடிப்பைக் கண்டவுடன் ஒரு ரோசாப்பூ. பிறந்த குழந்தைக்கு மூக்கு மட்டும் தனியாக வளர்ந்திருந்தால், "நல்ல காத்தோட்டமான மூக்கு" என்பார். கோவில் பாடகர் குழுவில் அருள்நாயகம் அண்ணை சுருதியை விட்டு ஒரு மைல் தள்ளிப் பாடினால், "உங்கட குரல் தனியாக் கேட்டது அண்ணை" என்பார். அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்.

அந்தப் பழக்கம்தான் சொந்த அண்ணனோடு இருந்த பேச்சைத் தின்றது.

அண்ணன் பெயர் யேசுரட்ணம். மற்றவர்கள் எல்லாம் கனடா, நோர்வே, சுவிஸ் என்று ஓடியபோது அவர் ஒருவர் மட்டும் உலகத்தின் கீழ்ப்பக்கமாகப் போய் மெல்பேர்ணில் இறங்கினார். அங்கேயே கலியாணமும் கட்டினார். ஒருவராலும் போக முடியவில்லை. அவர் கலியாண வீடியோவை அனுப்பினார். அவுஸ்திரேலியக் கசற் கனடா டெக்கில் ஓடாது என்பது அப்போது யாருக்குத் தெரியும்? அன்ரி போட்டுப் பார்த்தார். கறுப்பு வெள்ளைக் கோடுகள் மழையாகப் பெய்தன. நடுவில் ஒரு கை தெரிந்தது. அது மாப்பிள்ளையின் கையா பாதிரியாரின் கையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"கசற் பாத்தனியோ?"

"பாத்தனான் அண்ணை. அந்தமாதிரி!"

"கேக் எப்பிடி?"

"ஐயோ, கேக்கைத்தானே திருப்பித் திருப்பிப் பாத்தனான். மூண்டு தட்டு! என்ன நேர்த்தி!"

மறுமுனையில் போனை வைத்த சத்தம், டக்.

பிறகுதான் அக்கா அன்ரனெற் மூலம் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கலியாணத்தில் கேக்கே இல்லை. மண்டபத்துக்குக் கொண்டு வரும்போது கார்ப் பார்க்கில் விழுந்து சிதறிவிட்டது. வீடியோக்காரர் அதை முழுதாகப் பிடித்து, விழுகிற இடத்தை மெதுவாக ஓடவும் விட்டிருந்தாராம். சொந்தத் தங்கச்சி தன் கலியாணத்தைப் பார்க்கக்கூட இல்லை என்று யேசுரட்ணம் முடிவு கட்டினார். அதன் பிறகு தங்கச்சியோடு ஒரு சொல் இல்லை. வருசக்கணக்காக.

இப்போது 1996 கோடை. அன்ரனெற்றின் மகள் றெபேக்காவுக்கும் ஒஷாவாப் பெடியன் மாக்கஸுக்கும் கலியாணம். தாய்மாமன் யேசுரட்ணம் மெல்பேர்ணிலிருந்து வருகிறார், விருந்தில் கிளாஸ் தூக்கி வாழ்த்துச் சொல்லப் போகிறவரும் அவரே. யூஜினி அன்ரிக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அண்ணன் தன்னோடு ஒரு வார்த்தை பேசினால் போதும். ஏச்சு என்றாலும் சரி.

கேக் எப்படி வேண்டும் என்று கேட்டபோது றெபேக்கா யோசிக்கவே இல்லை.

"சின்னம்மா, எனக்கு வேர்ல்ட் மப் கேக். எல்லாரும் ஒவ்வொரு நாட்டில இருந்து வருகினம், தங்கட இடத்தைத் தேடிப் பாக்கட்டும். ஆனா ஸ்கூல் மப் வேண்டாம், அது போரிங். உங்கட பாத்ரூமில தொங்குதே, அது!"

குளியலறைத் திரையைத்தான் சொன்னாள். யாரோ பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கிய பிளாஸ்ரிக் திரை. அதில் ஆயிரத்து அறுநூறுகளில் ஒல்லாந்தர் கீறிய உலகப்படம் ஒன்றை அச்சடித்திருந்தார்கள். இரண்டு பெரிய வட்டங்கள், இடது வட்டத்தில் அமெரிக்கா, வலது வட்டத்தில் மற்ற உலகம். கடல் முழுக்கப் பாய்க்கப்பலும் வாய் பிளந்த விலங்குகளும். விளிம்பில் கன்னம் உப்பிக் காற்று ஊதுகிற முகங்கள். மேல் மூலைகளில், உடுப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாத இரண்டு பெண்கள். கலிபோர்னியா ஒரு தீவு. இலங்கையோ நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருந்தது, அதனால் அன்ரிக்கு அந்தப் படத்தில் பெரிய மரியாதை.

குளியல் தொட்டிக்குள் ஏறி நின்று, எண்ணெய்த்தாளைத் திரையில் ஒட்டி, பென்சிலால் கரைகளைப் பிரதி எடுக்கத் தொடங்கினார். பேஸ்மென்ற் வீட்டில் அன்ரி, அங்கிள், மகள் மூன்று பேருக்கும் குளியலறை ஒன்றே ஒன்று. சூசைதாசன் அங்கிள் வெளியே நின்று கதவைத் தட்டினார்.

"இஞ்சாரும், இப்ப எந்தக் கடலில நிக்கிறீர்?"

"இந்து சமுத்திரம். கொஞ்சம் பொறுங்கோ."

"கெதியா நீந்திக் கரைக்கு வாரும். எனக்கு அவசரம்."

ஆபிரிக்காவின் கால் நுனியோடு திரை முடிந்துவிட்டது. அவுஸ்திரேலியாவைத் தேடினார். இல்லை. திரைக்குப் பின்பக்கம்கூடப் பார்த்தார். அங்கே சவர்க்காரம் மட்டும் இருந்தது. றெபேக்காவிடம் ஓடினார்.

"பிள்ளை, மாமாவின்ர நாட்டைக் காணேல்லை!"

றெபேக்கா யூனிவேர்சிற்றி முதல் வருசம். அதனால் எல்லாம் தெரியும். "சின்னம்மா, அந்தக் காலத்தில அதைக் கண்டுபிடிக்கேல்லை. தட்ஸ் ஹிஸ்ரறி. வாங்கோ, லைப்ரறியில காட்டுறன்."

டவுண்ரவுண் பெரிய நூலகத்துக்குச் சப்வேயில் போனார்கள். அந்தக் காலத்து அற்லஸ் ஒன்றின் மறுபதிப்பைத் தள்ளுவண்டியில் வைத்து ஓர் அம்மா உருட்டி வந்தார். பல பாகங்களில் ஒன்று, அமெரிக்கப் பாகம். உலகப்படம் இருந்த முதல் பாகத்தில் அப்போது வேறு யாரோ குந்திக்கொண்டிருந்தார்கள். சரி, இதையாவது பார்ப்போம் என்று பக்கத்தைப் புரட்டினால், கனடாவுக்குக் கரை இருக்கிறது, வயிறு இல்லை. வயிறு இருக்கவேண்டிய இடத்தில் பெரிய அலங்காரச் சட்டம் ஒன்று. அதற்கு இரண்டு பக்கமும் ஆட்கள், பழக்குலைகள், ஒரு நாயோ ஓநாயோ.

"உதென்ன, நடுவில கலியாணப் பந்தல் மாதிரி?"

றெபேக்கா பக்கத்தில் இருந்த குறிப்பை வாசித்தாள். "உள்ளுக்கு என்ன இருக்கெண்டு அவைக்குத் தெரியாது, சின்னம்மா. தெரியாத இடத்தில இப்பிடி ஒரு படத்தைப் போட்டு மூடிப்போடுவினமாம்."

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நூலக அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிள்ளை, உது என்ர வேலையெல்லோ! செப்புத்தகட்டில வெட்டி, கையால கலர் அடிச்சு, உலகமே மெச்சின ஆக்களும் வெடிப்புக்கு ரோசாப்பூத்தான் வைச்சிருக்கினம்!"

வீட்டுக்கு வரும்போதே முடிவாகிவிட்டது. அண்ணனின் நாடு இருக்கவேண்டிய இடத்துக்கு, அந்தப் படத்திலேயே பெரிய மரியாதையான ஒன்றை வைப்பது. கிரீடம் வைத்த திமிங்கிலம். ஈழத்திலிருந்து சூரிச் வரைக்கும் யாருக்கும் கிடைக்காத திமிங்கிலம்.

வலது வட்டம் உண்மையான கேக், முந்திரியும் சீனிப்பாகில் ஊறிய பூசணித்தோசியும் போட்டது. இடது வட்டம் பெட்டிகளில் சாமான் உடையாமல் அடைக்கிற வெள்ளை றெஜிபோம், மேலே ஐசிங் மட்டும். கனடா வெறும் பொய், ஆசியாவைத்தான் சாப்பிடலாம். மூலைப் பெண்களைப் பார்த்து அன்ரனெற் தலையில் கைவைத்தார்.

"எடியே, விருந்துக்குப் பங்குச் சுவாமியாரும் வாறாரடி!"

அன்ரி இரண்டு பேருக்கும் ஐசிங்கில் சேலை கட்டிவிட்டார், கொசுவம் வைத்து.

கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பு யேசுரட்ணம் வந்து பிக்கரிங்கில் அன்ரனெற் வீட்டில் இறங்கினார். அன்ரி இறைச்சிக்கறியும் புட்டும் கொண்டு போனார். தேத்தண்ணீரையும் தானே ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் ஒரு மிடறு குடித்தார். அன்ரி பக்கத்தில்தான் நின்றார். ஆனால் அவர் குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"அன்ரனெற்! உன்ர தங்கச்சியிட்டைக் கேள், இதுக்குச் சீனி போட்டவவோ எண்டு."

"போட்டனான் அண்ணை," என்றார் அன்ரி.

"அன்ரனெற்! காணாதெண்டு சொல்லு."

அன்ரி சீனிப் போத்தலோடு வந்தார். முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு. அது எந்த வெடிப்புக்கு மேல் வைத்த பூ என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

கலியாணம் கோவிலில் குறையில்லாமல் நடந்தது. விருந்து ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். கேக்கைக் கண்டவுடன் சனம் ஈ மாதிரி மொய்த்தது. நோர்வேப் பெரியப்பா தன் நாட்டை விரலால் தொட்டு ஐசிங்கையும் நக்கிவிட்டார். சுவிஸ்காரர் ஒருவர், "எங்களுக்கு மலையும் வைச்சிருக்கிறா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். பாரிஸ்காரர்கள் லண்டன்காரர்களைப் பார்த்து, "உங்கட சின்னன்" என்றார்கள். அன்ரி தூணுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தலை வந்தது. குனிந்தது. வலது வட்டத்தில் கிழக்கே போய், தெற்கே இறங்கி, அப்படியே நின்றது.

"எங்க என்ர நாடு?"

றெபேக்கா வெள்ளைச் சேலையோடு ஓடி வந்தாள். "மாமா, அந்தக் காலத்தில அவுஸ்திரேலியாவைக் கண்டுபிடிக்கேல்லை..."

"நோர்வேயைக் கண்டுபிடிச்சாச்சு. சுவிஸைக் கண்டுபிடிச்சாச்சு. கலிபோர்னியா தீவாவெண்டாலும் கிடக்குது. என்னை மட்டும் கடலுக்குள்ள தள்ளி, எழும்பாமல் இருக்க மேல ஒரு திமிங்கிலத்தையும் ஏத்தி விட்டிருக்கு!" கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். "கிளாஸ் தூக்க வேற ஆளைப் பாருங்கோ. இல்லாத நாட்டுக்காரன் என்னத்தைத் தூக்கிறது?"

நடந்து போய், கார்ப் பார்க்கில் அன்ரனெற்றின் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்.

அன்ரி தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அப்போது சூசைதாசன் அங்கிள் பின்கழுத்தைச் சொறிந்தார். அவர் பின்கழுத்தைச் சொறிந்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள்.

"இஞ்சாரும்... அந்தத் திரைக்குக் கீழ்ப்பக்கம் ஒண்டு இருந்ததெல்லோ."

"என்ன கீழ்ப்பக்கம்?"

"எங்கட பேஸ்மென்ற் கூரை பதிஞ்சதெல்லே. திரை தொட்டிக்குள்ள மடிஞ்சு கிடந்து பூஞ்சணம் பிடிச்சுது. நான் கத்தரிக்கோலால ஒரு முழத்துக்கு மேல வெட்டினனான்."

"வெட்டி?"

"நல்ல பிளாஸ்ரிக். எறிய மனம் வரேல்லை. குசினி அலுமாரித் தட்டில விரிச்சனான். மிளகாய்த்தூள் போத்தலுக்குக் கீழ."

அன்ரி விரலை வாசல் பக்கம் நீட்டினார். அங்கிள் பறந்தார்.

மண்டபத்தில் நேரம் கடத்த ஒலிவாங்கியை அருள்நாயகம் அண்ணையிடம் கொடுத்தார்கள். அவர் தனியாகக் கேட்கிற குரலில் பாடினார். மூன்றாவது பாட்டில் குழந்தைகள் அழத் தொடங்கியபோது அங்கிள் சுருட்டிய பிளாஸ்ரிக்கோடு உள்ளே பாய்ந்தார். மேசையில் விரித்தார். மண்டபம் முழுக்கச் சீரகம் மணத்தது.

அடடா! ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரைக்கும் நிலம். இரண்டு வட்டத்தின் அடிப்பாகத்தையும் நிரப்பிக்கொண்டு, ஆசியாவைப் பிடித்து விழுங்கலாம் போல ஒரு தென்கண்டம். நடுவில் மஞ்சள் தூள் போத்தலின் வட்டத் தழும்பு. கீழ் மூலைகளில் இன்னும் இரண்டு பெண்கள், சேலை இல்லாமல். சுவாமியார் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

றெபேக்கா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "லத்தீன்... சுவாமி, இதென்ன?"

சுவாமியார் கூரையிலிருந்து இறங்கி வந்து எழுத்தை மட்டும் கவனமாகப் பார்த்தார். "தெற்கு நிலம், இன்னும் அறியப்படாதது. ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அங்கே ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று நம்பிக் கீறியிருக்கிறார்கள்."

அன்ரி கைப்பையைத் திறந்தார். அதில் எப்போதும் அவசரத்துக்கு ஒரு ஐசிங் பை இருக்கும். உள்ளே இருந்தது ரோசாப்பூவுக்கான ரோசா நிறம் மட்டும். யோசிக்க நேரமில்லை. திமிங்கிலத்தைத் தோசைக்கரண்டியால் அலாக்காகத் தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டு, ஆபிரிக்காவுக்குக் கீழே தொடங்கி ஒரே மூச்சில் ஒரு கண்டத்தைப் பிழிந்தார். கை விலகிய இடமெல்லாம் குடாவும் முனையுமாக வந்தது. பூ ஒன்றும் வைக்கவில்லை.

பிறகு பிளாஸ்ரிக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கார்ப் பார்க்குக்குப் போனார். வான் கண்ணாடியைத் தட்டினார். யேசுரட்ணம் திரும்பவில்லை. அன்ரி கதவைத் திறந்து பக்கத்து ஆசனத்தில் ஏறிக் குந்தினார். கை இரண்டும் ரோசா நிறம்.

வாயில் வந்தது வழக்கமான பூதான்: "கோட்டு உங்களுக்கு நல்ல எடுப்பு அண்ணை." அதை விழுங்கினார்.

"அண்ணை, அந்தக் கசற் ஓடேல்லை. கோடு கோடா வந்தது. ஒரு கை மட்டும் தெரிஞ்சது. நான் உங்கட கலியாணத்தைப் பாக்கேல்லை. கேக்கைப் பற்றிச் சொன்னது முழுப் பொய். இது உங்கட நாடு. இவர் அதை வெட்டி மிளகாய்த்தூள் போத்தலுக்குக் கீழ போட்டுட்டார். எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்டும் தெரியாது, அண்ணை."

வானுக்குள் சீரக வாசம் நிறைந்தது. யேசுரட்ணம் சுருளை வாங்கி மடியில் விரித்தார். விரலால் கரையைத் தடவிக்கொண்டு போனார். தோள் ஒருமுறை குலுங்கியது. அன்ரி பயந்துபோனார், அழுகிறாரோ என்று. பிறகு இன்னொருமுறை குலுங்கியது.

"யூஜினி."

"ஓம் அண்ணை!"

"என்ர கலியாணத்துக்கு முந்தி, நீ உன்ர மகளின்ர முதல்நன்மைக் கசற் அனுப்பினனியெல்லோ."

"ஓம், அனுப்பினனான். நீங்கள் போன் எடுத்துச் சொன்னனீங்கள், பிள்ளை சிறகு முளைச்ச சம்மனசு மாதிரி எண்டு."

"சொன்னனான்." மூக்கைத் துடைத்தார். "அது எங்கட டெக்கில ஓடேல்லையடி. கோடுதான் வந்தது. கோடும் ஒரு காதும்."

அன்ரி அவரைப் பார்த்தார். அவர் அன்ரியைப் பார்த்தார். அந்த வான் குலுங்கியதை வாசலில் நின்று பார்த்த அங்கிள், அடிபாடு என்று நினைத்து விலக்குப் பிடிக்க ஓடினார். கதவைத் திறந்தால் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழியச் சிரிக்கிறார்கள்.

"காதோ!" என்றார் அன்ரி. "ஆற்ற காது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? சம்மனசின்ர காதெண்டு நினைச்சன்!"

யேசுரட்ணம் கோட்டில் ரோசா நிறக் கைத்தடத்தோடு மண்டபத்துக்குள் வந்தார். கேக்கைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். நோர்வேப் பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்கட இவ்வளவுதானோ?"

பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினார். "அதுசரி, திமிங்கிலம் எங்க?"

"கனடாவில," என்றார் அன்ரி. "ஒன்ராறியோவுக்கு மேல ஏத்தி விட்டிருக்கிறன். அது றெஜிபோம்தானே, தாங்கும்."

யேசுரட்ணம் கிளாஸைத் தூக்கினார். நீண்ட பேச்சு ஒன்று எழுதி வைத்திருந்தார், அதைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. றெபேக்காவையும் மாக்கஸையும் வாழ்த்தினார். ஒருத்தரை ஒருத்தர் காணாத இடத்திலும் அங்கே ஏதோ பெரிதாக இருக்கிறது என்று நம்புங்கோ என்றார். பிறகு கிளாஸை ஒரே மூச்சில் குடித்தார். சனம் கைதட்டியது. அருள்நாயகம் அண்ணை ஒலிவாங்கிப் பக்கம் நகர்ந்தார், சூசைதாசன் அங்கிள் அவர் கையில் ஒரு கேக் துண்டை வைத்து நிறுத்தினார்.

போகும்போது யேசுரட்ணம் அந்தப் பிளாஸ்ரிக்கைத் துடைக்க விடவில்லை. மஞ்சள் தழும்பு, மிளகாய்த்தூள், சேலை இல்லாத பெண்கள் எல்லாவற்றோடும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அண்ணை, அழுக்குத் துண்டு, நான் புதுசா ஒண்டு வாங்கி அனுப்புறன்," என்றார் அன்ரி.

"சும்மா இரடி. உன்ர கசற் மாதிரியோ? இது எங்க கொண்டு போனாலும் ஓடும்."